அலுவலகம் போக ஒரு ரோடு பைக்

குறைந்த விலை ரோடு பைக்கை, அதாவது தார்ச்சாலையில் வேகமாகப் போகிற ஒல்லி டயர் சைக்கிளை, வாங்கி வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு வேலைக்குப் போய்வரலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். கடைக்காரர் எடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் காதில் வாங்காதீர்கள். மடிக்கணினியும் சாப்பாட்டு டப்பாவும் முதுகில் ஏறிய பிறகு அரைக் கிலோ குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

நான் முதலில் குனிந்து பார்ப்பது டயரைத்தான். 23 மி.மீ. டயர் ஒரு காலத்தில் பந்தயக்காரர்கள் போட்டது. பள்ளமும் பாதாளச் சாக்கடை மூடியும் நிறைந்த நம் சாலைக்கு 28, முடிந்தால் 32. டயருக்கும் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைக்கும் (ஃபோர்க்) நடுவே தாராளமாக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பெரிய டயரும் ஏறாது, மட்கார்டும் ஏறாது. ஐப்பசி மழையில் மட்கார்டு இல்லாமல் போனால் சட்டையின் முதுகு நெடுகச் சேற்றுக் கோடுதான்.

அடுத்து வால்வு. இதை யாரும் சொல்வதில்லை. ரோடு பைக் ட்யூபில் பெரும்பாலும் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருக்கும். தெருமுனைப் பஞ்சர் கடையின் பம்பு அதில் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுவையுங்கள். வால்வின் உச்சியில் உள்ள திருகைத் தளர்த்திய பிறகே அடாப்டரை மாட்ட வேண்டும்.

கியர் பின்னால் ஏழு போதும். நம் வழியில் ஏறுவதற்கு மேம்பாலத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது? சக்கர நடுவில் தட்டைப் பிடிக்கும் மலிவான டிஸ்க் பிரேக்கைவிட, சக்கர விளிம்பைப் பிடிக்கும் நல்ல ரிம் பிரேக் மேல். மிச்சமாகும் பணத்தில் கனமான பூட்டும் பின்விளக்கும் வாங்குங்கள்.

யாரிடமாவது 54 செ.மீ. ஃபிரேம் (சட்டம்) அளவில் பழைய ரோடு பைக் விலைக்கு இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். அலுவலகத் தம்பி ஒருவருக்குத் தேவைப்படுகிறது.