ஓரல்ஸ் மாதம்

ஜூலை 1, திங்கள்

அத்தை வீட்டு மொட்டைமாடி அறை. துணிப்பெட்டியை இன்னும் திறக்கவில்லை, மரைன் இன்ஜினியர் கிளாஸ் ஃபோர் சான்றிதழுக்கான ஓரல்ஸ் (வாய்மொழித் தேர்வு) புத்தகங்கள் மட்டும் வெளியே வந்துவிட்டன. ராயபுரத்தில் விடிய விடியத் துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரிகள் போகின்றன. காலையில் அத்தை, "இந்தச் சத்தத்துல தூங்கினியா பிள்ளே?" என்று கேட்டாள். சத்தத்தில் நன்றாகவே தூங்குவேன். கப்பலில் ஜெனரேட்டர் ஓசை கொஞ்சம் மாறினால்தான் விழிப்பு வரும். எல்லாருக்கும் அப்படித்தான், சீஃப் இன்ஜினியர் உட்பட.

ஜூலை 2, செவ்வாய்

டாலி என்ற கன்டெய்னர் கப்பல் பாலத்தில் மோதிய வீடியோவை மறுபடி பார்த்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். 2024 மார்ச் 26, அமெரிக்காவின் பால்டிமோர், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குச் சற்று முன். விளக்குகள் அணைகின்றன. வருகின்றன. புகைபோக்கியில் கரும்புகை. மறுபடி அணைகின்றன. அப்புறம் பாலம்.

செய்தியில் எல்லாரும் மேலே நின்ற கேப்டனையும் பைலட்டையும் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ கீழே இன்ஜின் ரூமில் இருந்தவர்கள் நினைப்பாகவே இருக்கிறது. கப்பல் ஊழியர்கள் 21 பேரில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கைக்காரர். பிரேக்கர் டிரிப் ஆகி கரண்ட் போனால் மெயின் இன்ஜினுக்கு எண்ணெயும் தண்ணீரும் அனுப்பும் பம்புகள் நின்றுபோகும். பம்பு நின்றால் இன்ஜின் தானே நின்றுவிடும். எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் ஓடி லோடு எடுக்க வேண்டும் என்பது கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச சோலாஸ் விதி. எடுத்தாலும் அது ஸ்டீரிங், அவசர விளக்கு, ரேடியோ மாதிரியானவற்றுக்குத்தான். மெயின் இன்ஜினை எழுப்ப அது போதாது.

45 விநாடியைக் கடிகாரம் பார்த்து எண்ணினேன். ரொம்ப நீளம்.

பாலத்தின் மேல் ராத்திரியில் குழி அடைத்துக்கொண்டிருந்தவர்களில் ஆறு பேர் செத்துப்போனார்கள். ஓரல்ஸின் மின்சாரப் பகுதியான ஃபங்ஷன் 5-இல், தேர்வு நடத்தும் சர்வேயர் பிளாக்அவுட் பற்றிக் கேட்டால் விதியைச் சொல்லிவிடுவேன். அந்த கன்ட்ரோல் ரூமில் நான் நின்றிருந்தால் கை முதலில் எந்த சுவிட்சுக்குப் போயிருக்கும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

அப்பா போன் செய்தார். எதைச் சொன்னாலும் "என்னது?"

ஜூலை 6, சனி

மண்ணடியில் டீ குடிக்க எங்கள் கும்பல் கூடியது. கூடினாலே ஒரே பேச்சு: எந்த லைன்?

பேசிக்கொண்டே போனால் தலை சுற்றுகிறது. பேசிக் சேஃப்டி கோர்ஸில் என்னோடு தீயணைத்து, ரப்பர் படகைக் கவிழ்த்து நிமிர்த்தியவள் இடிஓ, கப்பலின் எலெக்ட்ரிக்கல் ஆபீசர். இஇஇ முடித்தவள். 2010 மணிலா திருத்தத்துக்குப் பிறகுதான் எலெக்ட்ரோ டெக்னிக்கல் ஆபீசருக்கு எஸ்டிசிடபிள்யூ என்ற மாலுமிப் பயிற்சிக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் தனிச் சான்றிதழே வந்தது. அவள் கன்டெய்னர் கப்பலில் நூற்றுக்கணக்கான ரீஃபர் (குளிர்பதன) பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறாள். இன்னொருவன் டிபி கப்பல், ஆஃப்ஷோர். நங்கூரம் போடாமல் த்ரஸ்டர்களை வைத்தே ஒரே இடத்தில் நிற்கும் கப்பல். ஒருவனுக்குக் கடலே போதும் என்றாகிவிட்டது. சென்னை ஐஐடியில் ஓஷன் இன்ஜினியரிங் எம்.டெக் பற்றி விசாரிக்கிறான். சீஃப் இன்ஜினியருக்கான கிளாஸ் ஒன் வரை ஏறிவிட்டு, கப்பல்களைச் சோதித்துச் சான்று தரும் கிளாசிபிகேஷன் சொசைட்டியில் சர்வேயராகக் கரையில் உட்காரலாம் என்று திட்டம் போடுகிறவர்கள்தான் அதிகம். அத்தைக்கும் அதுதான் பிடிக்கும். "ஹெல்மெட்ட போட்டுக்கிட்டு வந்து பாத்துட்டு வீட்டுக்குப் போயிருவாவ, அது நல்ல வேலதானே" என்கிறாள்.

நான் கேஸ் கப்பல் என்று சொன்னேன். சொன்னதும் எல்லாரும் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார்கள்.

ஏன் கேஸ் என்றால்: எல்என்ஜி, அதாவது இயற்கை எரிவாயு, மைனஸ் 162 டிகிரியில் திரவமாக, அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கி டாங்கில் கிடக்கிறது. என்னதான் இன்சுலேஷன் போட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியை எரித்தே கப்பல் ஓடுகிறது. முன்பு பாய்லரில் எரித்து ஸ்டீம் டர்பைனை ஓட்டினார்கள், அப்புறம் டூயல் ஃப்யூவல் ஜெனரேட்டர் வைத்து மோட்டாரை ஓட்டினார்கள், இப்போது டூ ஸ்ட்ரோக் இன்ஜினே நேராக கேஸை எடுத்துக்கொள்கிறது. சரக்கும் எரிபொருளும் ஒன்றே. கார்கோ பக்கம் பிரெஷர் ஏறினால் அது இன்ஜின் ரூமின் கவலையும்கூட. இந்த மாதிரி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிற இன்ஜின் ரூமில்தான் நான் நிற்க ஆசைப்படுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. கடைசி கப்பலில் செகண்ட் இன்ஜினியர் சொன்னார்: டாங்கர் பக்கம் எந்த வகையில் முதலில் ஏறுகிறாயோ அதிலேயே ஒட்டிக்கொள்வாய், ஆயில் கம்பெனிகள் ஆபீசர் மேட்ரிக்ஸ் என்ற அனுபவப் பட்டியலைப் பார்ப்பார்கள், அந்த வகைக் கப்பலில் எத்தனை வருஷம் என்று கேட்பார்கள் என்று. ஃபோர்த் இன்ஜினியராக முதல் கப்பல் எதுவோ, பத்து வருஷம் கழித்தும் அதுதான் நான்.

ஜூலை 8, திங்கள்

கரண்ட் கட். ஃபேன் நின்றதும் வலது காதில் அந்த ஊளை.

ஜூலை 9, செவ்வாய்

எழுதிவைத்தால் போய்விடும் என்று நேற்று எழுதினேன், போகவில்லை.

சைன் ஆஃப் ஆகி இறங்கினதில் இருந்தே இருக்கிறது. வலது காது மட்டும். எண்ணெய் சுத்தம் செய்யும் பியூரிஃபையர் சுழல்கிற மாதிரி மெல்லிய ஒரே ஸ்வரம். இன்ஜின் ரூமில் 110 டெசிபல் வரை விதி அனுமதிக்கிறது, 85-ஐத் தாண்டினாலே காதை மூட வேண்டும். பஞ்சு வைத்து, அதற்கு மேல் மஃப் (காதுமூடி) போட்டுத்தான் இறங்குவோம். ஆனால் செகண்ட் ஏதோ கத்துவார். கேட்க வேண்டுமே? ஒரு பக்க மஃபைத் தூக்குவோம். நான் எப்போதும் வலது பக்கம். ஸ்பேனர் இடது கையில் இருக்கும், எனக்கு இடது கைப் பழக்கம்.

அப்பா விசைப்படகு இன்ஜின் பார்க்கும்போது காதில் எதுவும் வைத்து நான் பார்த்ததில்லை. வைத்தால் எப்படிக் கேட்பார்? நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜெக்டர் பக்கத்தில் ஊன்றுவார், பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் வைத்து அழுத்துவார், கண்ணை மூடிக்கொள்வார். "மூணாவது சரியில்ல." அவ்வளவுதான். கழற்றிப் பார்த்தால் மூணாவதுதான். தடைக்காலத்தில், ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை, தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கிற படகெல்லாம் அப்பாவைத் தேடும். பத்து வயதில் எனக்கும் அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துக் கேட்க வைத்தார். நான் இந்தப் படிப்புக்கு வந்தது அந்தக் காதால்தான்.

இப்போது அவர் போனை இடது காதில் மட்டும் வைக்கிறார்.

இடிஓ தோழி சொன்னாள், பேசாமல் கன்ட்ரோல் ரூம் பக்கம் வந்துவிடு, அங்கே 75 டெசிபல்தான் என்று. நல்லதுக்குத்தான் சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை.

ஜூலை 10, புதன்

ஃபங்ஷன் 3, பாதுகாப்புப் பகுதி, பாஸ்!

ராஜாஜி சாலையில் இருந்து பீச் ஸ்டேஷன் வரை நடந்தேன், கால் தரையில் பாவவில்லை. இன்ஜின் ரூமில் தீப்பிடித்தால் கார்பன் டை ஆக்சைடு அடிப்பது பற்றித்தான் சர்வேயர் துருவினார். ஆட்களை எண்ணு, வென்டிலேஷனை நிறுத்து, எரிபொருள் வால்வுகளை மூடு, கதவுகளை அடை, அப்புறம்தான் சிலிண்டரைத் திற. திறந்தால் இரண்டு நிமிஷத்தில் 85 சதவீதம் உள்ளே போயிருக்க வேண்டும். "ஆள் எண்ணிக்கையில் ஒருவர் குறைகிறார், சீஃப் அடி என்கிறார், என்ன செய்வாய்?" என்றார். சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மனம் வரவில்லை.

ஜூலை 11, வியாழன்

தூக்கம். அத்தை சீலா மீன் குழம்பு.

ஜூலை 13, சனி

ஒரு கம்பெனியின் ஆன்லைன் இன்டர்வியூ. கேஸ் கப்பல்கள் வைத்திருக்கிறார்கள். போர்ட்டபிள் மீட்டர், இனெர்ட் கேஸ், கம்ப்ரசர் சர்ஜிங், எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் கல்யாணம் எப்போது என்றார்கள். அப்புறம், "எங்கள் கேஸ் ஃப்ளீட்டில் லேடி இன்ஜினியருக்கு இப்போது ஏற்பாடு இல்லை, பல்க் கேரியரில் (தானியம், நிலக்கரி ஏற்றும் கப்பல்) பார்க்கலாமா?"

ஏற்பாடு என்றால் என்ன? ஒரு கேபின், ஒரு தாழ்ப்பாள். சொனாலி பானர்ஜி கல்கத்தா தாராதலாவில் படித்து முடித்து நாட்டின் முதல் பெண் மரைன் இன்ஜினியர் ஆனது 1999-இல். இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. போன கப்பலில் இன்ஜினுக்குக் காற்று போகும் ஸ்கேவெஞ்ச் ஸ்பேஸுக்குள் தவழ்ந்து போய்க் கரி சுரண்டி வெளியே வந்தபோது எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை, ஒரு டார்ச்சும் வெளியே நிற்க ஓர் ஆளும் போதுமாக இருந்தது.

பல்க் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கை இன்னும் நடுங்குகிறது, கோபத்தில்.

ஜூலை 16, செவ்வாய்

நாளை ஃபங்ஷன் 4பி, இன்ஜின் பகுதி. கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பெட்டி) வெடிப்பை மறுபடி எடுத்தேன். ஒரு பேரிங் சூடேறுகிறது. எண்ணெய் அதன் மேல் பட்டு ஆவியாகி, குளிர்ந்த பக்கம் போய் வெண்பனியாக நிற்கிறது. அது பரவிப்பரவி எரியும் அளவுக்குச் செறிந்ததும், அதே சூடான இடம் தீக்குச்சி ஆகிறது. 1947 செப்டம்பரில் ரெய்னா டெல் பசிஃபிகோ என்ற கப்பல் பெல்ஃபாஸ்ட் அருகே சோதனை ஓட்டத்தில் போனபோது இப்படித்தான் வெடித்து 28 பேர் இறந்தார்கள். ரிலீஃப் கதவுகள், அந்த எண்ணெய்ப் பனியைக் கண்டுபிடிக்கும் மிஸ்ட் டிடெக்டர் என்று இன்று நாங்கள் மனப்பாடம் செய்வதற்குப் பின்னால் அந்த மாதிரி விபத்துகள் இருக்கின்றன.

மிஸ்ட் அலாரம் அடித்தால் முதலில் வேகத்தைக் குறை, கிராங்க்கேஸ் பக்கம் யாரையும் விடாதே, இன்ஜினை நிறுத்து, கதவைத் திறக்காதே. குறைந்தது இருபது நிமிஷம் திறக்காதே. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மற்றபடி, நாலு மணி வாட்சில் சும்மா நடக்கும்போதே ஒவ்வொரு கிராங்க்கேஸ் கதவிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போகச் சொன்னார் செகண்ட். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்று. அப்பாவும் அப்படித்தான் வைப்பார். காது போனாலும் கை இருக்கிறது.

ஜூலை 17, புதன்

4பி பாஸ். 6-உம் பாஸ். 5 பாக்கி.

ஜூலை 18, வியாழன்

அம்மாவிடம் பேசினேன். அப்பாவை ஈஎன்டி டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னால், "எனக்கு என்ன, நல்லா கேக்கு" என்று படகுக்குப் போய்விட்டாராம். போன வாரம் ஒரு படகில் நாலாவது என்று சொல்லிக் கழற்றினாராம். இரண்டாவது. வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லையாம்.

படிப்பு ஓடவில்லை.

ஜூலை 22, திங்கள்

வேறு கம்பெனி. மெயில் வந்துவிட்டது. எல்என்ஜி இல்லை, எல்பிஜி. கேஸ்தான்! கிளாஸ் ஃபோர் கைக்கு வந்ததும் ஃபோர்த் இன்ஜினியர். ஏற்பாடு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வெள்ளிக்கிழமை ஃபங்ஷன் 5. அதற்கு முந்தின நாள் மெடிக்கல், வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆடியோமெட்ரி உண்டா என்று போன் செய்து கேட்டேன். உண்டு, இரண்டு காதுக்கும்.

அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை. ரீலிக்விஃபாக்‌ஷன் பிளாண்ட் (ஆவியை மறுபடி திரவமாக்குவது) பற்றி இன்றே படிக்க ஆரம்பிக்க வேண்டும். புரொப்பேன் கொதிநிலை மைனஸ் 42. பியூட்டேன்...