இடது கால்: மாரிகால நாட்குறிப்பு

நவம்பர் 2

மாலை ஐந்துக்குப் பிறகு வரச் சொல்லியிருந்தேன். பகல் முழுக்க நின்ற காலைத்தான் அளக்க வேண்டும். காலையில் எடுத்த அளவுக்குச் சப்பாத்துத் தைத்தால் பின்னேரம் இறுக்கும். ரீச்சர் அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்தார். வலது காலை மட்டையில் வைக்கச் சொல்லி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துச் சுற்றிக் கீறினேன். பிறகு இடது. விரல்கள் தொடங்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே பாதம் முடிந்துவிடுகிறது. தழும்பின் ஓரத்தில் தோல் மெல்லிசாக மினுங்குகிறது. அதன்மேல் அளவுநாடாவை இழுக்கக் கை வரவில்லை.

“பயப்பிடாதையும் தம்பி, இப்ப நோகாது.”

அவர் கேட்டது ஒன்றுதான். “ரெண்டும் வெளியில பாக்க ஒரே மாதிரி இருக்கோணும். பிள்ளையள் என்ரை முகத்தைப் பாக்கட்டும்.”

ஜனவரியில் அவருக்குப் புதுப் பள்ளிக்கூடம்.

நவம்பர் 3

ஐயாவுக்கு வவுனியாவில் டயாலிசிஸ் நாள். வேலை இல்லை.

நவம்பர் 5

சப்பாத்துத் தைக்க ஐயா வேம்பில் கால் வடிவில் செதுக்கிய பழைய கட்டைச் சோடி பொருந்துகிறது. வெளித்தோற்றம் ஒன்றாக வரவேண்டுமென்றால் இடதுக்கும் முழு நீளக் கட்டைதான்; முன்னால் வருகிற வெற்றிடத்தைப் பிறகு நிரப்பலாம். அக்காவின் இடது புறங்கால் வலதைவிட உயரம். கட்டையின் முதுகில் தோல்துண்டு ஒட்டி, அரத்தால் ராவி, அளவுக்குக் கொண்டுவந்தேன்.

பிறகு கடதாசி டேப். கட்டையைத் துண்டு துண்டாக மூடி, முன்னும் பின்னும் நடுக்கோடு கீறி, கோட்டோடு வெட்டி உரித்தால் உள்பக்கத்துக்கு ஒன்று, வெளிப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு ஓடு கையில் வரும். வளைந்ததைத் தட்டை மட்டையில் படுக்க வைக்கிறபோதுதான் வில்லங்கம். எங்காவது சுருங்கும், இல்லையென்றால் கிழியும். அடிவிளிம்பில் சின்னச் சின்னதாக வெட்டிவிட்டால் படிந்து கொடுக்கும். அந்த விளிம்பு எப்படியும் கட்டைக்கு அடியில் மடிந்து மறையப் போகிறது. புறங்காலில் மட்டும் கத்தி படக்கூடாது. அங்கே ஒரு மில்லிமீற்றர் கூடினாலும் சப்பாத்தில் மடிப்பாக வந்து நிற்கும்.

வழக்கமாக இரண்டு ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவால் புதுக்கோடு கீறி, ஒரே பட்டர்ன் ஆக்குவார்கள். சாதாரணக் காலுக்கு அது போதும், மிச்சத்தைத் தோலின் இழுவை பார்த்துக்கொள்ளும். இந்த இடது காலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் அந்தளவு சொந்தமில்லை. நடுவால் கீறினால் இரண்டு பக்கமும் கெடும். தனித்தனியாகத்தான் வெட்டப் போகிறேன். மட்டையும் இரண்டு மடங்கு, நேரமும் இரண்டு மடங்கு. செலவாகட்டும்.

நவம்பர் 6

விடியவே மழை. மட்டை ஈரம் குடித்து ஓரம் நெளிந்துவிட்டது. அடுப்படிக் கயிற்றில் கொழுவியிருக்கிறேன்.

நவம்பர் 9

ஐயாவின் காலைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். குழி அப்படியே நின்றது. எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மெல்ல மெல்லத்தான் நிரம்பியது. 2010 இல் திரும்பி வந்து அவர் தனக்கென்று தைத்த சோடி கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. இனி நுழையாது. லேஸை முழுக்கக் கழற்றினாலும் நுழையாது. காலையில் ஒரு அளவு, இரவில் ஒரு அளவு, வவுனியா போய் வந்தால் இன்னொரு அளவு. இந்தக் காலுக்கு எந்த நேரத்தில் மட்டை வெட்டுவது?

கேட்டால், “எனக்கென்னத்துக்கு, பாட்டாச் செருப்புக் காணும்” என்கிறார்.

நவம்பர் 12

தையல். முழுநாளும் இந்த ஒரு தையல்தான் மண்டைக்குள்.

தாழ்ந்த சப்பாத்து என்றால் அக்காவின் இடது குதி ஒவ்வொரு அடிக்கும் வெளியே வரும். பிடிப்பதற்கு முன்பாதம் இல்லை. ஆகவே கணுக்காலுக்கு மேலே வருகிற பூட்ஸ், லேஸ் வைத்தது. இதில் குழப்பம் இல்லை. ஆனால் சாதாரண பூட்ஸில் முன்தோலும் பக்கத்தோலும் சேருகிற தையல் எங்கே வருகிறது? அந்தத் தழும்பு இருக்கிற இடத்திலேயே வருகிறது. நடக்கும்போது தோல் மடிகிறதும் அங்கேதான். மடிப்பும் தையலும் சேர்ந்து அந்த மெல்லிய தோலில் உராய்ந்தால் ஒரு கிழமையில் புண்.

மட்டையை ஐயாவிடம் கொண்டுபோனேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டு போனார். கை நடுங்குகிறது, விரல் கோட்டை விட்டு விலகவில்லை.

“வாயை முன்னுக்குத் தள்ளு மகன். விரல் நுனி வரைக்கும் திறந்துவிடு.”

அதுதான் வழி. லேஸ் போடுகிற வாய் கிட்டத்தட்ட விரல் நுனிவரை திறக்கட்டும். கால் முடிகிற இடத்தைத் தாண்டித் தையல் விழும், நிரப்பிக்கு மேலே. தழும்புக்கு மேல் நாக்கு மட்டும், மென்தோலில், மூட்டில்லாமல் ஒரே துண்டாக. அகலத் திறக்கிற வாய் என்றால் காலை வளைக்காமல் அப்படியே இறக்கலாம்.

வலதுக்கும் அதே வாய். அந்தக் காலுக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் சோடி ஒன்றாக இருக்க வேண்டும்.

நவம்பர் 14

ஒருவர் வந்து இருந்துவிட்டுச் சொல்கிறார்: “ரெடிமேட் ஒண்டை வாங்கி முன்னுக்குப் பஞ்சை அடைச்சால் சரிதானே.” எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பஞ்சு ஒரு மாதத்தில் அமுங்கும். கால் முன்னே வழுகும். தழும்பு இடிக்கும். பிறகு அந்த மனுசி வீட்டோடு இருக்க வேண்டியதுதான். இந்த மண்ணில் எத்தனை பேர் அப்படிச் செருப்பில்லாமல் வீட்டோடு இருந்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

நவம்பர் 17

மாங்குளத்தில் ஏறும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம். ஒரு பிள்ளை எழும்பி ஐயாவுக்கு இடம் கொடுத்தது. புளியங்குளம் தாண்டமுன் அவர் நித்திரை. நான் எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கணுக்காலின் வெளி எலும்பு எல்லோருக்கும் உள் எலும்பைவிடத் தாழ்வு. இதையும் நடுவால் கீறிச் சரிக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உள்பக்கம். உள்பக்கத்தை இன்னொருமுறை பார்க்க வேண்டும்.

நவம்பர் 22

பழைய தோலில் பரீட்சைச் சோடிக்கு வெட்டினேன். கட்டைக்கு அடியில் இழுத்து ஆணி அடிக்க 20 மில்லிமீற்றர், ஒன்றன் கீழ் ஒன்று நுழைகிற இடத்தில் 8, மடிக்கிற விளிம்புக்கு 5. லைனிங்கைக் குதியில் 3 குறைத்தேன், இல்லாவிட்டால் உள்ளே சுருங்கிக் கிடக்கும். உள்பக்கத் துண்டுகள் எல்லாவற்றிலும் ஒரு சின்ன வெட்டு அடையாளம்.

நன்றாக வந்திருக்கிறது. சந்தோசம்.

நவம்பர் 27

மாவீரர் நாள். கடை திறக்கவில்லை. மாலை எல்லோரும் போனோம். ரீச்சர் அக்காவும் நின்றார், நனைந்தபடி.

நவம்பர் 30

அக்கா போட்டுப் பார்த்தார். எழும்பி நின்றபோது இரண்டும் ஒரே மாதிரி. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் கண்ணாடியில் பார்த்தார்.

நடந்தபோது வேறு கதை. இடது கால் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே சாய்கிறது, உள் கணுக்காலடியில் தோல் வாய் பிளக்கிறது. முன்பாதம் இல்லாத இந்தக் காலுக்கு ஊன்றித் தள்ள வழியில்லை, அது உள்ளே உருளுகிறது. கட்டை நடக்காது, அதனால் கட்டையின் மேல் இது தெரிய வராது. குதிக்குள் வைக்கிற விறைப்புத் தோலை உள்பக்கம் மட்டும் பாதத்தின் நடுவரை நீட்ட வேண்டும். அடிக்குள் உருக்குத் தகடு. அடியின் முன்பகுதியை மேல்நோக்கி வளைத்துவிட்டால் கால் தானாக முன்னே உருண்டு போகும், தள்ள வேண்டிய வேலை குறையும்.

விறைப்புத் தோல் நீண்டால் உள்பக்கப் பட்டர்னில் அதன் தடிப்புக்கும் இடம் விட வேண்டும். வெளிப்பக்கத்துக்குத் தேவையில்லை. நல்லவேளை, இரண்டும் தனித்தனி.

டிசெம்பர் 1

ஐயா சாப்பிடவில்லை.

டிசெம்பர் 5

தோல் வந்துவிட்டது, கறுப்பு, 1.4 மில்லிமீற்றர். விலையை இங்கே எழுத விருப்பமில்லை. இரு கையாலும் எல்லாத் திசையிலும் இழுத்துப் பார்த்தேன். முன்தோலை மாட்டின் முதுகெலும்புக்குப் பக்கத்தில் வெட்ட வேண்டும், இழுபடாத திசை குதியிலிருந்து விரலுக்கு. நாக்கு வயிற்றுத் தோலில். மாடு முட்கம்பியில் கீறிய வடு ஒன்று நடுவே ஓடுகிறது. மட்டைகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கிறேன், இடதின் உள்பக்கத் துண்டு மட்டும் எப்படி வைத்தாலும் அந்த வடுவில் முட்டுகிறது. கீழே இறக்கினால் தோல் தொய்வு. அந்தத் துண்டை மட்டும் தொய்வில் வெட்ட என்னால் முடியாது.

ஐயா கட்டிலிலிருந்து, “அவசரப்படாதை, விடிஞ்சாப் பிறகு வெட்டு” என்கிறார்.

டிசெம்பர் 6

வெட்டவில்லை. ஐயாவுக்கு மூச்சு முட்டுகிறது. ஓட்டோ வரச் சொல்லியிருக்கிறேன். மட்டைகளைக் கட்டி மேல்தட்டில் வைத்தாயிற்று. அக்காவுக்கு வவுனியாவிலிருந்து போன் எடுக்க வேண்டும்.