பூக்களின் நேரம்: ஐந்து வாரக் குறிப்பு

கடலோரச் சமவெளியின் இளவேனில் காட்டுப்பூக்களைக் கணக்கெடுக்கத் தொடங்கி ஐந்து வாரங்கள் ஆகின்றன. மணல்மேட்டில் ஒன்று, அதைத் தாண்டி உள்ளே தரிசில் இரண்டு என மூன்று இடங்களில் முளையடித்துக் கயிறு கட்டி, ஒரு சதுர மீட்டர் கட்டங்கள் போட்டேன். எந்தச் செடி, எத்தனை பூ என்று நோட்டில் எழுதுவதுதான் திட்டம்.

முதல் இரண்டு வாரக் குறிப்புகள் பயன்படாது. மாலை நான்கு மணிக்கு மேல்தான் போய்வந்தேன். தரிசுக் கட்டம் ஒன்றில் தொடர்ந்து எட்டு நாள் ‘பூ இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். மூன்றாம் வாரம் ஒருநாள் காலை எட்டரைக்குப் போனால், அதே கட்டத்தில் புல்லுக்கு நடுவே நீலப் பொட்டுகள். விஷ்ணுகிரந்தி! எண்ணிப் பார்த்தேன், 23 பூக்கள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. நண்பகலில் மறுபடி பார்த்தபோது எல்லாமே மூடிவிட்டிருந்தன. எட்டு நாளும் அவை பூத்திருக்கும். நான் தான் இல்லை.

அன்றே நோட்டை மாற்றிக் கோடு போட்டேன். இப்போது செடியின் பெயருக்கு அடுத்து மணி, அதற்கு அடுத்து பூவின் நிலை. அரும்பு, முகை (விரியப்போகும் மொட்டு), மலர், அலர் (முழுதாக விரிந்தது), செம்மல் (வாடியது) என்று பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் தமிழில் தனிச்சொல் இருப்பது பெரிய உதவி. ‘பாதி விரிந்தது’, ‘வாடத் தொடங்கியது’ என்று நீட்டி எழுத வேண்டியதில்லை. ஒரு சொல் போதும்.

பூக்கள் விரியும், கூம்பும் நேரங்களை வைத்தே மலர்க் கடிகாரம் அமைக்கலாம் என்று 1751இலேயே தாவரவியலாளர் லின்னேயஸ் எழுதினார். ஆனால் அவருடைய பட்டியல் ஸ்வீடனின் உப்சாலாவுக்கு உரியது. வெயிலும் இடமும் மாறினால் மணியும் மாறும். அவரவர் நிலத்துக்கு அவரவர்தான் பட்டியல் எழுத வேண்டும்.

நான் அதிக நேரம் உட்கார்ந்தது மணல்மேட்டு அடப்பங்கொடி அருகில்தான். விடியும் முன் அதன் முகை, மடக்கி முறுக்கிய குடை போல இருக்கிறது. வெளிச்சம் வர வர முறுக்கு தளர்ந்து, இளஞ்சிவப்பில் ஊதா கலந்த புனல் விரிகிறது. உள்ளே அடித்தொண்டையில் நிறம் இன்னும் அடர்த்தி. மாலைக்குள் செம்மல். ஒரு பூவுக்கு ஒரு பகல்தான் வாழ்வு. லென்ஸை வைத்துப் பார்க்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது: எறும்புகள் பூவை விட்டுவிட்டு இலைக்காம்பில் மொய்த்தன. காம்பும் ஆட்டுக்குளம்பு வடிவ இலையும் சேரும் இடத்தில் இரண்டு சிறு சுரப்பிகள் தேன் சுரக்கின்றன. இத்தனை நாள் இந்தக் கொடியை மிதித்து நடந்திருக்கிறேன்!

நான்காம் வாரம் காற்று மணலை வாரிக் கட்டத்தின் ஒரு மூலையை மூடிவிட்டது. முளைகளை மாற்றவில்லை. கொடி மணலுக்கு மேலே வந்துவிடும், அதையும் குறித்துக்கொள்வேன்.

நெருஞ்சிக்கு இன்னும் முழுக் கணக்கு இல்லை. மஞ்சள் பூ காலையில் விரிகிறது, அவ்வளவுதான் தெரியும். முள் காய்க்குள் கைவைக்காமல் மூடும் நேரத்தைப் பிடிக்க வேண்டும்.

நேற்று முதன்முறையாக அந்தியில் நின்றேன். கட்டத்துக்கு வெளியே வளர்ந்த ஊமத்தையின் நீண்ட வெள்ளை முகை 6.40க்கு நெகிழத் தொடங்கியது. நீள உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சிகள் வரும் என்று எட்டு மணிவரை காத்திருந்தேன், வரவில்லை. இன்றும் போகிறேன்.