எஃப்5 விசையும் ஓர் இடைவெளியும்

விம் எடிட்டரில் எஃப்5-ஐ அழுத்தினால் திறந்திருக்கும் பைதான் நிரல் ஓட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஆச்சரியக்குறி, பைதான்3, சதவீதக் குறி என்று ஒரே வரியில் மேப்பிங் (விசைக்குக் கட்டளையை ஒட்டும் வரி) எழுதினேன். சதவீதக் குறி இருக்கும் இடத்தில் கோப்பின் பெயரை விம்மே வைத்துவிடும். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது.

அப்புறம் ஒரு நாள் 'சம்பளக் கணக்கு 2023' என்று ஒரு கோப்பைச் சேமித்தேன். எஃப்5 அடித்தால் 'சம்பளக்' என்ற கோப்பே இல்லை என்கிறது பைதான். விம் பெயரை அப்படியே ஷெல்லிடம், அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலிடம், கொடுத்திருக்கிறது. ஷெல் இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் வெட்டி மூன்று துண்டாக்கிவிட்டது.

சரி என்று சதவீதக் குறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் போட்டேன். அடுத்து வந்தது 'அரிசி $50'. இரட்டை மேற்கோளுக்குள்ளும் ஷெல் டாலரை விடாது. $5 என்பதை ஐந்தாவது வாதமாக (கட்டளையோடு தரும் மதிப்பாக) எடுத்துக்கொண்டது, அது காலி, ஆக மிஞ்சியது 'அரிசி 0'. இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆனது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒற்றை மேற்கோளுக்கு மாறினேன். பெயருக்குள்ளேயே ஓர் ஒற்றை மேற்கோள் இருந்த கோப்பு வந்ததும் அதுவும் உடைந்தது. அதற்கு ஷெல்லில் வழி உண்டு: மேற்கோளை மூடி, பின்சாய்கோடு போட்டு ஒரு மேற்கோள் எழுதி, மறுபடி திறக்க வேண்டும். கையால் செய்கிற காரியமா அது?

செய்து கொடுக்க விம்மிலேயே ஷெல்எஸ்கேப் என்ற செயற்கூறு இருக்கிறது. உதவிப் பக்கத்தை முதலிலேயே படித்திருக்கலாம். கோப்பின் பெயரை அதற்குள் கொடுத்து, எழுத்துத் தொடரைக் கட்டளையாக ஓட்டும் எக்ஸிகியூட்டோடு சேர்த்து மேப்பிங்கை மாற்றினேன். அப்படியும் 'முடிந்தது!' என்ற கோப்பு ஓடவில்லை. பெயரில் உள்ள ஆச்சரியக்குறிக்குப் பதிலாக, கடைசியாக ஓட்டிய கட்டளையை விம் செருகிவிட்டது! ஷெல்லுக்குப் போகும் முன்பே நடக்கிற வேலை இது, மேற்கோள் தடுக்காது. ஷெல்எஸ்கேப்புக்கு இரண்டாவது வாதமாக 1 கொடுத்தால் அதையும் கவனித்துக்கொள்கிறது.

அலுவலகத்து விண்டோஸில் வேறு எடிட்டர், வேறு கூத்து. பைதான் இருந்தது ப்ரோகிராம் ஃபைல்ஸ் போல்டரில். அதன் பாதைக்கும் நிரலின் பெயருக்கும் தனித்தனியே மேற்கோள் போட்டும் 'சி:\ப்ரோகிராம்' என்றால் என்னவென்று தெரியாது என்றது விண்டோஸின் ஷெல்லான சிஎம்டி. ஓட்ட வேண்டிய கட்டளையை அதற்குக் கொடுக்கும் /சி-க்குப் பின் வரும் சரம் (எழுத்துத் தொடர்) மேற்கோளில் தொடங்கி, உள்ளே இரண்டுக்கு மேல் மேற்கோள் இருந்தால், முதலாவதையும் கடைசியையும் அது உரித்துவிடும். முழுவதற்கும் வெளியே இன்னொரு ஜோடி போட்டேன், உரிக்கட்டும் என்று. ஓடியது.

வீட்டு லினக்ஸில் இப்போது ஷெல்லையே விட்டுவிட்டேன். விம் 8.1-இல் வந்த, எடிட்டருக்குள்ளேயே டெர்மினல் திறந்து நிரலை ஓட்டும் டெர்ம்ஸ்டார்ட் செயற்கூறுக்குக் கட்டளையைச் சரமாக இல்லாமல் பட்டியலாகக் கொடுக்கிறேன்: பைதான்3 ஓர் உறுப்பு, கோப்பின் பெயர் இன்னொன்று. வெட்ட ஆளில்லை, மேற்கோளும் வேண்டாம். வெளியீட்டை வேறு கோப்புக்குத் திருப்பும்போது மட்டும் ஷெல்லும் ஷெல்எஸ்கேப்பும்.

போன வாரம் '-பழையது' என்று சிறுகோட்டில் தொடங்கும் பெயர் ஒன்று மாட்டியது. பட்டியலாகக் கொடுத்தும் பைதான் அதைக் கோப்பென்று எடுக்காமல் தனக்கான விருப்பக் குறி (ஆப்ஷன்) என்றே நினைத்தது. பெயருக்கு முன்னால் ./ சேர்த்துக் கொடுத்தேன்.