வீல் என்று அலறியவள்

மொழிபெயர்த்து வரும் சித்திரக்கதைகளின் வசனப் பலூன்களில் தமிழ் எழுத்தை அடைப்பதுதான் சில ஆண்டுகள் என் வேலை. அடைப்பது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஆங்கிலத்தில் மூன்று குட்டிச் சொற்களுக்கென வரைந்த வட்டத்துக்குள் ‘விட்டுவிடமாட்டேன்’ என்ற ஒற்றைச் சொல் நுழையாது. எழுத்தைச் சிறிதாக்கினால் புள்ளியும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் உடைத்தால் படிப்பவர் தடுக்கி விழுவார்.

வாளும் மந்திரமும் கலந்த கதை ஒன்று வந்தது. நாயகிகள் மூவரும் கூலிக்குப் போரிடும் வீராங்கனைகள். பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. ஆண்கள் கழுத்து முதல் கணுக்கால் வரை இரும்புக்குள் இருக்க, இவர்கள் மட்டும் கச்சையோடு பனிமலை ஏறினார்கள்.

இந்த உடைக்கும் ஒரு பூர்வகதை உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஈ. ஹோவர்ட் எழுதி 1934இல் வெளியான சிறுகதையில் சோன்யா என்பவள் 1529 வியன்னா முற்றுகையில் கைத்துப்பாக்கியும் வாளுமாக நிற்பாள். அவளை வைத்து எழுத்தாளர் ராய் தாமஸும் ஓவியர் பாரி விண்ட்சர் ஸ்மித்தும் 1973இல் ரெட் சோன்யா என்ற சித்திரக்கதை நாயகியை மந்திர உலகில் உலவவிட்டபோதும் சங்கிலிக் கவசச் சட்டை அணிந்துதான் இருந்தாள். கொஞ்ச காலத்திலேயே ஓவியர் எஸ்டெபான் மரோட்டோ இரும்புச் செதில் கச்சையை மாட்டிவிட்டார். அதன்பின் யார் கழற்ற?

படத்தில் நான் கைவைக்க முடியாது. என் ஆட்சி பலூனுக்குள் மட்டும்.

பன்னிரண்டாம் பக்கத்தில் மூவரில் மூத்தவள் சூனியக்காரன் மேல் பாய்கிறாள். இடது மணிக்கட்டில் இரத்தம் ஊறிய துணி. வாளின் பிடியை இறுக்கியதில் விரல் கணுக்கள் புடைத்திருக்கின்றன. வாய் அகலத் திறந்திருக்கிறது. கைக்கு வந்த தமிழ்ப் பிரதியில் அங்கே ‘வீல்!’ என்றிருந்தது. இரண்டு பக்கம் தள்ளி அடியாள் ஒருவன் அதே மாதிரி வாயைத் திறக்கிறான். மூலத்தில் இருவருக்கும் ஒரே கூச்சல். தமிழில் அவனுக்கு மட்டும் ‘யாஆஆ!’ கிடைத்திருந்தது.

எடிட்டரிடம் எடுத்துப் போனேன்.

“பெண்கள் வீல் என்றுதானே கத்துவார்கள்?”

“பயந்தால் கத்துவார்கள் சார். இவள் வெட்டப் போகிறாள்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்தார். “சரி, வேறு என்ன போடுவாய்?”

அதற்கு நான் தயாராகப் போகவில்லை. ‘ஆ’ என்றால் வலி, ‘ஹா’ என்றால் சிரிப்பு, ‘ஏய்’ என்றால் குழாயடிச் சண்டை. ஆளில்லாத அறையில் கத்தியும் பார்த்தேன். அடியாளின் கூச்சலையே எடுத்து இவளுக்கும் வைத்தேன், அதே தடிமனில்.

பிறகு சும்மா இருக்க முடியவில்லை. முதல் பக்கத்திலிருந்து மூலத்தோடு ஒப்பிட்டேன். ‘சொன்னாள்’ என்று வர வேண்டிய இடங்களில் ‘சிணுங்கினாள்’, ‘கெஞ்சினாள்’. மொழிபெயர்த்தவர் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார். கை பழகிய தடத்தில் போயிருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றி எடிட்டரிடம் கையெழுத்து வாங்கினேன்.

அந்தக் கூச்சல்தான் பலூனுக்குள் அடங்க மறுத்தது. எழுத்தைக் குறைக்க மனமில்லாமல் வழியவிட்டேன். கடைசி ‘ஆ’ வெளியே வந்து, சரியாக அந்த இரும்புக் கச்சையின் மேல் போய் உட்கார்ந்தது. எடிட்டர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டார்.