762-க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

அந்த நட்சத்திரக் குறியை நான் ஒட்டியது 2022 ஜனவரி 25, செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பிய்த்தெடுத்தது மறுநாள் மதியம். இடையில் முழுசாக ஒரு நாள்கூட இல்லை. நாலு வருஷமாக அது என் மனசை விட்டு இறங்கவில்லை.

நூலகத்தில் சிறுவர் பகுதிச் சுவருக்கு அட்டை எழுதுவது அப்போது என் பொறுப்பு. அந்த மாதம் பே ஏரியா, அதாவது சான் பிரான்சிஸ்கோ வட்டார விளையாட்டு வீரர்கள். ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியில் ஆடிய பாரி பாண்ட்ஸ் இல்லாமல் அந்தச் சுவர் நிறையாது. 762 ஹோம் ரன்கள் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது), அமெரிக்காவின் மேஜர் லீக் வரலாற்றிலேயே அதிகம். 2001-ல் ஒரே சீசனில் 73. சீசனின் மதிப்புமிக்க வீரருக்கான எம்.வி.பி. விருது ஏழு முறை. இங்கே இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

தலைசிறந்த பேஸ்பால்காரர்களுக்குப் பட்டயம் வைக்கும் கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேமில் யாரைச் சேர்ப்பது என்ற வாக்கு முடிவு வந்ததும் அன்றைக்குத்தான். பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் தொடர்ந்து பத்து வருஷம் இருந்தவர்கள் வாக்களிப்பார்கள். நூற்றுக்கு 75 வேண்டும். ஒருவருடைய பெயர் அதிகபட்சம் பத்து வருஷம்தான் பட்டியலில் நிற்கும். பாண்ட்ஸுக்கு அது பத்தாவது வருஷம். 394 வாக்குகளில் 260, அதாவது 66 சதவீதம். ஊக்கமருந்துச் சந்தேகம்தான் குறுக்கே நின்றது. அதே சந்தேகத்தில் சிக்கிய பந்துவீச்சாளர் ரோஜர் கிளெமென்ஸுக்கும் கிட்டத்தட்ட அதே கதி. அதே பட்டியலில் முதல் தடவை நின்ற டேவிட் ஓர்ட்டீஸ் 77.9 சதவீதத்தோடு உள்ளே போய்விட்டார்.

படித்து முடித்ததும், மேஜையில் கிடந்த ஸ்டிக்கர் தாளிலிருந்து சின்னக் கறுப்பு நட்சத்திரம் ஒன்றை உரித்து 762-க்கு வலப்பக்கம், சற்று மேலே ஒட்டினேன். இந்த எண்ணில் சந்தேகம் உண்டு என்று சொல்லும் குறி அது. யாரும் சொல்லிச் செய்யவில்லை.

எனக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. 2005 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஸ்டீராய்டு ஊக்கமருந்து பற்றி விசாரித்தபோது, இங்கே பக்கத்துப் பெட்டலூமாவிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் போய்ப் பேசினார்கள். கல்லூரி அணியில் ஆடிய மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர்கள். பேஸ்பால் ஆடுகிறவர்கள் ஸ்டீராய்டு எடுப்பதுதானே என்று மகன் தங்களிடம் சொன்னதாகச் சொன்னார்கள். அதே நாள், அதே விசாரணையில் மார்க் மக்வயர் உட்கார்ந்து, பழசைப் பேச நான் வரவில்லை என்றார். 1998-ல் 70 ஹோம் ரன் அடித்து நாட்டையே எழுந்து நிற்க வைத்தவர். எடுத்தேன் என்று அவர் ஒப்புக்கொள்ள 2010 ஆயிற்று. அந்தத் தாய் தகப்பன் முகத்தை நினைத்துக்கொண்டு ஒட்டிய நட்சத்திரம் அது. சுவருக்கு எதிரே உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பாலில் ஆடுகிறவர்கள். அவர்கள் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, புத்தகங்களை அடுக்கித் தர வரும் பெரியவர் அட்டை முன்னால் நின்றார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கறுப்பினத்தவர். சிறு வயதில், ஜயன்ட்ஸின் பழைய பெரிய வீரர் வில்லி மேஸ் ஆடியதை நேரில் பார்த்தவர். 2018 ஆகஸ்டில் ஜயன்ட்ஸ் அணி பாண்ட்ஸின் 25-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஓய்வு கொடுத்த விழாவிலும் அரங்கில் இருந்தவர். அன்றைக்கு மேஸ், 87 வயதில், தன் ஞானப்பிள்ளை பாண்ட்ஸுக்கு வாக்களியுங்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். பெரியவர் அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் இறங்கிவிடும்.

"கீழே ஒன்றும் இல்லையே" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நட்சத்திரம் போட்டால் அடியில் ஒரு வரி விளக்கம் இருக்க வேண்டுமே?"

"எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்றேன்.

"தெரியும் என்றால் எழுதிவிடுங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தேன். முதலில், 'ஊக்கமருந்து பயன்படுத்தியவர்'. ஆனால் லீக் அவரை அதற்காக ஒரு நாள்கூடத் தடை செய்ததில்லை. அவர் 73 அடித்த வருஷம் லீக்கில் சோதனையே கிடையாது. 1991-லேயே கமிஷனர் ஒரு சுற்றறிக்கையில் ஸ்டீராய்டு கூடாது என்று எழுதியிருந்தார், அதோடு சரி. சோதனை வந்தது 2003-ல், அதுவும் பெயர் வெளியிடாமல். முதல் தடவை சிக்கினாலே சஸ்பென்ஷன் என்பது 2005-ல்தான். கோடு போட்டேன். அடுத்தது, 'நீதிமன்றம் குற்றவாளி என்றது'. 2011-ல் நீதியைத் தடுத்தார் என்ற குற்றம் நிரூபணமானது உண்மை. 2015-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானதும் உண்மை. அதற்கும் கோடு.

மூன்றாவது, பால்கோ கதை. வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த, இங்கே பர்லிங்கேமில் இருந்த அந்த நிறுவனத்தில் 2003-ல் அதிகாரிகள் புகுந்தார்கள். பூசிக்கொள்ள 'க்ரீம்', நாக்கடியில் விட்டுக்கொள்ள 'க்ளியர்'. பின்னது அப்போதைய எந்தச் சோதனையிலும் சிக்காதபடி தயாரித்தது. அந்த டிசம்பரில் பாண்ட்ஸ், வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி முன்னால், பயிற்சியாளர் கொடுத்ததை ஆளி விதை எண்ணெய் என்றும் மூட்டுவலித் தைலம் என்றும் நினைத்துக்கொண்டதாகச் சொன்னார். நான் நம்பவில்லை. ஆனால் நான் நம்பவில்லை என்பதை அட்டையில் எழுத முடியாது. மிச்சத்தை எழுத நாலு வரி வேண்டும், அட்டையில் ஒன்றரை வரிக்குத்தான் இடம்.

பெரியவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காததையெல்லாம் நானே கேட்டுக்கொண்டேன். பழைய ஹோம் ரன் மன்னன் பேப் ரூத் ஆடிய காலத்தில் கறுப்பின வீரர் ஒருவரைக்கூட மேஜர் லீகில் சேர்க்கவில்லை, ஜாக்கி ராபின்சன் வர 1947 ஆயிற்று. ரூத்தின் 714-க்கு ஏன் நட்சத்திரம் இல்லை? நம் ஜயன்ட்ஸில் ஆடிய கேலார்ட் பெர்ரி, விதிக்கு மாறாகப் பந்தில் எச்சில் தடவி வீசியதைத் தானே புத்தகத்தில் எழுதியவர். 1991-ல் உள்ளே போய்விட்டார். ஓர்ட்டீஸ் பெயரும் 2003 சோதனைப் பட்டியலில் இருந்ததாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்தச் சோதனை முடிவுகள் சில தவறாக இருந்திருக்கலாம் என்று பிறகு கமிஷனர் சொன்னார், தெரிந்து எதுவும் எடுக்கவில்லை என்று ஓர்ட்டீஸும் சொன்னார், விட்டுவிட்டார்கள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பில் ஒரு துளியை நானும் வைத்துவிட்டேனோ என்று தோன்றியது.

நகத்தால் கிளறி எடுத்தேன். ஸ்டிக்கரோடு அட்டையின் மேல்தோலும் கொஞ்சம் வந்துவிட்டது. 762-க்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு வடு.

மூன்றரை மணிக்கு அந்தப் பையன் வந்தான். பதினோரு வயது, எப்போதும் ஜன்னலோர மேஜை. நேற்று அட்டையைப் பார்த்து வீட்டுப்பாட நோட்டில் எழுதிக்கொண்டு போயிருக்கிறான். இன்றைக்குச் சரிபார்க்க வந்திருக்கிறான். நோட்டைத் திறந்து காட்டினான். பென்சிலில் 762, பக்கத்தில் ஐந்து முனையும் ஒழுங்காக வரைந்த நட்சத்திரம். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டிருந்தான்.

"நேற்று இருந்ததே, எங்கே? அதற்கு என்ன அர்த்தம்?"

"அது தெரியாமல் ஒட்டிக்கொண்டது" என்றேன்.

இந்த மூன்று சொற்களைத்தான் நான் இத்தனை நாளாகத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். அப்புறம் பையிலிருந்து ரப்பரை எடுத்து நட்சத்திரத்தை அழித்தான். பொறுமையாக, எண்ணில் படாமல். ரப்பர் துகளைக் கையால் தள்ளிவிட்டான். பென்சிலை அழுத்தி வரைந்திருந்ததால் தாளில் தடம் போகவில்லை.

சொல்லியிருக்கலாம். பதினோரு வயதுக்குப் புரியாத விஷயம் ஒன்றுமில்லை: நிறையப் பேர் மருந்து எடுத்தார்கள், இவரும் எடுத்தார் என்று பலர் நம்புகிறார்கள், அவர் தெரியாது என்றார், இவருக்கு மரியாதை செய்யலாமா என்று பெரியவர்களுக்குள் இன்னும் சண்டை. அவ்வளவுதான். அவனிடம் அதைச் சொல்ல அட்டையும் தேவையில்லை. பொது நூலகத்தில் நம் கருத்தைப் பிள்ளைகள் மேல் திணிக்கக் கூடாது என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் சரியான விதிதான். ஆனால் நான் சொன்னது கருத்து இல்லையே, பொய். 'தெரியாமல் நடந்துவிட்டது' என்ற வாக்கியம் இப்போது யார் வாயிலிருந்து வந்தாலும் எனக்குக் கூசுகிறது.

பாண்ட்ஸுக்கு அந்த மரியாதை தகுமா என்று கேட்டால், தகும் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். அந்தக் காலம் முழுக்க கமிஷனராக இருந்த பட் செலிக் 2017-ல் உள்ளே போனார். மக்வயரின் மேனேஜர் டோனி லா ரூசா 2014-லேயே போய்விட்டார். ஹோம் ரன் மழையில் அரங்கம் நிறைந்து காசு பார்த்தவர்களுக்குப் பந்தி, ஆடியவர்களுக்கு வாசல். 2007-ல் பாண்ட்ஸ் ஹாங்க் ஆரனின் பழைய சாதனையான 755-ஐத் தாண்டிய பந்தை மார்க் எக்கோ என்ற ஆடை வடிவமைப்பாளர் 7,52,467 டாலருக்கு வாங்கி, இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தி, அதில் நட்சத்திரக் குறி பொறித்து கூப்பர்ஸ்டவுனுக்குக் கொடுத்தார். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பந்து உள்ளே, ஆள் வெளியே. ஆளையும் உள்ளே வையுங்கள், பட்டயத்தில் நடந்ததை எழுதுங்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றும். உடனே, அந்த வரியை எழுத உன்னால் முடிந்ததா என்ற கேள்வியும் வரும். வாக்கு விதியில் திறமையோடு நேர்மை, குணம் என்ற சொற்களும் இருக்கின்றன. பெட்டலூமாவில் அந்த வீட்டில் இந்தப் பட்டயத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தால், தகும் என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

2025 டிசம்பரில், எழுத்தாளர்களின் பட்டியலிலிருந்து வெளியேறியவர்களைப் பார்க்கும் பதினாறு பேர் கொண்ட குழு மறுபடியும் வாக்களித்தது. பாண்ட்ஸோடு ஜயன்ட்ஸில் ஆடிய ஜெஃப் கென்ட் 14 வாக்கு வாங்கித் தேர்வானார். பாண்ட்ஸுக்கு ஐந்துகூட இல்லை.

செய்தி வந்த வாரம் அந்தப் பையன் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தான். பதினைந்து வயது, நல்ல உயரம், பள்ளி அணியின் தொப்பி. கென்ட் தேர்வானதைப் பார்த்தீர்களா என்று அவனாகவே கேட்டான். பார்த்தேன் என்றேன். புத்தகத்தை ஸ்கேன் செய்தேன். அவனுக்குப் பின்னால் வரிசையில் யாரும் இல்லை.