ரமல்லா போகும் சாலையில் ஆசிரியர்கள்

2016 பிப்ரவரி. இஸ்ரேல் ஆக்கிரமிப்பில் உள்ள பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அரசு அலுவலகங்கள் இருக்கும் ரமல்லா நகரத்தில் கூடுவதற்காகப் பல ஊர்களிலிருந்தும் கிளம்பினார்கள். வழியில் வண்டிகளை நிறுத்தி, அடையாள அட்டை பார்த்து, ஆசிரியர் என்றால் திருப்பி அனுப்பினார்கள். நிறுத்தியது இஸ்ரேலிய ராணுவம் இல்லை, அங்கே பாலஸ்தீனர்களின் அரசாக இயங்கும் பாலஸ்தீன அதிகார சபையின் சொந்தப் பாதுகாப்புப் படை. இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

2013ல் அரசு ஒப்புக்கொண்ட சம்பள உயர்வு முழுதாக வரவில்லை என்பதுதான் தொடக்கம். ஆனால் கோபம் சங்கத்தின் மேலும் திரும்பியது. ஆசிரியர்களின் அதிகாரபூர்வ சங்கம், ஆட்சியாளர்களே தலைமை தாங்கும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் கிளை அமைப்பு. சங்கத் தலைமை அரசோடு உடன்பாடு செய்துகொண்டது, ஆசிரியர்கள் அதை ஏற்கவில்லை. மாவட்டவாரியாகத் தாங்களே ஒருங்கிணைப்புக் குழுக்கள் அமைத்தார்கள், சங்கத்துக்குத் தேர்தல் வேண்டும் என்றார்கள். சம்பளத்தைவிட இந்தக் கோரிக்கைதான் ஆட்சியாளர்களை அதிகம் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். பலர் கைதானார்கள்.

2022ல் மறுபடி ஓர் உடன்பாடு: 15 சதவீத உயர்வு, ஜனநாயக முறையில் சங்கம். அது நடைமுறைக்கு வராததால் 2023 பிப்ரவரியில் மீண்டும் வகுப்பறைகள் வெறிச்சோடின. அதற்குள் அரசு ஊழியர்களுக்கு மாதச் சம்பளமே முழுதாகக் கைக்கு வராத நிலை. அதிகார சபைக்காக இஸ்ரேல் வசூலிக்கும் வரிப்பணத்தை அது பிடித்துவைப்பதும் அதற்குக் காரணம், மறுக்கவில்லை. ஆனால் சங்கத் தேர்தல் நடத்த எந்த வரிப்பணம் தேவை?